குட்டி ரிவால்வருக்கு எந்த உறை? ஹூஸ்டன் வெயிலில் சில வருட அனுபவம்

டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் தேடினால் உபயோகமில்லாத ஹோல்ஸ்டர்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடைக்கும். துப்பாக்கி ஒன்றுதான் இருக்கும், உறை மட்டும் ஏழெட்டு. என் கதையும் அதுதான். இப்போது தினசரி உபயோகத்தில் நிலைத்திருப்பவை இரண்டு. ஒன்று பேன்ட் பைக்குள் வைப்பது, இன்னொன்று இடுப்பில் பேன்ட்டுக்கு உள்பக்கம் செருகுவது. இவை ஏன் நிலைத்தன, மற்றவை ஏன் பெட்டிக்குப் போயின என்று எழுதி வைத்தால் புதிதாக வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் டாலர் மிச்சமாகும்.

நானும் மச்சானும் ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் நடத்துகிறோம். இரவு கடையைப் பூட்டி, கல்லாப் பணத்தோடு கார் வரைக்கும் நடக்கும் அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் இந்தத் துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காகப் பகல் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பால் கேன் தூக்க வேண்டும், கீழ்த் தட்டில் சரக்கு அடுக்கக் குனிய வேண்டும், மொத்தக்கடைக்கு ஒரு மணி நேரம் காரோட்ட வேண்டும். உறை வசதியாக இருக்கிறதா என்பதற்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். நான் அதற்கு முன்பு எடுத்த எல்டிசி எனும் துப்பாக்கி உரிமத்தைக் கைவிடவில்லை, வேறு மாநிலங்களுக்குக் காரில் போகும்போது உதவுகிறது. நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர்த்து, துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. உங்கள் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள், ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) பக்கத்தில் நிற்பவரைக் கேட்காதீர்கள். கடை வாசலில் துப்பாக்கிக்குத் தடை சொல்லும் 30.06 என்ற பலகையோ, மதுக்கூடங்களில் சிவப்பில் 51% என்று போட்ட பலகையோ இருந்தால் உள்ளே கொண்டு போகக்கூடாது. தபால் நிலையத்துக்கும் கூடாது. அதனால் காருக்குள் கம்பியால் கட்டிய சின்ன இரும்புப் பெட்டி ஒன்று அவசியம். உறை வாங்கும் பட்ஜெட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸன் 642. 1950இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகமாகி, அதனாலேயே 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வாங்கிய, ஜே ஃபிரேம் எனும் குட்டி ரிவால்வர் வம்சம். .38 ஸ்பெஷல் ரகத்தில் ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், அலுமினிய உடல். காலியாகச் சுமார் 410 கிராம். தோட்டா போட்டாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டுவதில்லை. ருகர் எல்சிஆர் என்ற இதே மாதிரிக் குட்டி ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும், ஆனால் உறை மட்டும் அந்த மாடலுக்கென்று செய்ததாகவே இருக்க வேண்டும்.

எடை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் உருளை. மற்ற இடமெல்லாம் ஒல்லி, நடுவில் மட்டும் 1.3 அங்குலம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு பெல்ட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் நடை மாறிவிடும். இன்னொன்று குழலின் நீளம். பெல்ட்டுக்குக் கீழே போவது கொஞ்சம், மேலே நிற்பது அதிகம். அதனால் பிடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து சட்டையைத் தள்ளும். விளம்பரத்தில் 'மெத்தென்று இருக்கும்' என்று போடுகிறார்களே, அது இந்த இரண்டில் எதையும் தீர்க்காது. என் அனுபவத்தில் மெத்தை வைத்த உறைகள் முதல் ஒரு மணி நேரம் சுகம், அப்புறம் நகர ஆரம்பிக்கும். நகர்கிற உறைதான் வலிக்கிற உறை. கெட்டியாக, போட்ட இடத்தில் அசையாமல் நிற்பது ஒரு வாரம் உறுத்தும், பிறகு மறந்தே போகும்.

வசதிக்கு முன்னால் பாதுகாப்பு. ட்ரிகரும் அதன் வளையமும் முழுதாக மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் ட்ரிகர் அசையக்கூடாது. தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, கட்டிலுக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இடுப்பு உறை என்றால் துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் திறந்தபடி இருக்க வேண்டும். மெல்லிய துணி உறைகள் வாயை மூடிக்கொள்ளும். அதைத் திறக்க இடது விரலைக் குழலுக்கு முன்னால் கொண்டு போக வேண்டிவரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எவ்வளவு சுகமாக இருந்தாலும் அந்த வகையை நான் ஒதுக்கிவிட்டேன்.

இனி பை உறை. கடையில் நிற்கும் நேரமெல்லாம் எனக்கு இதுதான். நான் வைத்திருப்பது டிசான்டிஸ் கம்பெனியின் நெமிசிஸ், நான் வாங்கியபோது 40 டாலருக்குள் அடங்கியது. வெளிப்பக்கத் துணி ஒட்டிக்கொள்கிற மாதிரி சொரசொரப்பு, உள்பக்கம் வழுவழுப்பு. சூட்சுமமே அவ்வளவுதான். துப்பாக்கியை இழுத்தால் உறை பைக்குள்ளேயே தங்கிவிட வேண்டும். வியர்வையில் நனைந்தாலும் பல மாதம் அந்தப் பிடிப்பு குறையவில்லை. மெல்லிய பேன்ட்டில் சிலிண்டரின் உருவம் தெரியும் என்றால், அதே கம்பெனியின் சூப்பர் ஃப்ளை வெளிப்பக்கம் ஒரு மடிப்போடு வருகிறது, பார்ப்பவர்களுக்குப் பர்ஸ் மாதிரிதான் தெரியும். தோலில் செய்த பை உறை ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். கைவேலை அழகு, ஆனால் துப்பாக்கியோடு சேர்ந்து அதுவும் வெளியே வந்தது.

பை உறையின் வெற்றி பாதி பேன்ட்டில் இருக்கிறது. ஒட்டிய ஜீன்ஸ் சரிப்படாது. கையைப் பைக்குள் விட்டு முஷ்டியை மடக்கி வெளியே எடுத்துப் பாருங்கள். முஷ்டி மாட்டினால் துப்பாக்கியும் மாட்டும். எனக்குத் தடித்த துணியில் வரும் வேலைப் பேன்ட்கள்தான் ஒத்துவந்தன. அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. சாவி, சில்லறை, டூத்பிக் எதுவும். வலது பை துப்பாக்கிக்கென்றால் காலம் முழுக்க அதற்கே. திரும்ப வைக்கும்போது பைக்குள்ளேயே குருட்டாம்போக்கில் செருகுவதும் கூடாது. உறையை வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் விட வேண்டும்.

ஒரு வேலை கூடுதல்: பைக்குள் சேரும் துணிப் பஞ்சு. வாரம் ஒருமுறை தோட்டாவை எடுத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். சிலிண்டரின் பின்பக்கம், வெற்றுத் தோட்டாக்களைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் அழுக்கு சேர்ந்தால் சிலிண்டர் சரியாக மூடாது.

பையின் குறை, உட்கார்ந்தால் தெரிந்துவிடும். காரில் சீட் பெல்ட் போட்டபடி பைக்குள்ளிருந்து எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். மேலும் தொடை மடிப்பில் சிலிண்டர் அழுத்தும். அதனால் சரக்கெடுக்கப் போகும் நாட்களில் இடுப்பு உறை.

இடுப்பில் எங்கே வைப்பது என்பதற்கு இங்கே கடிகாரக் கணக்கு சொல்வார்கள். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பெலும்பு மூன்று மணி. எல்லோரும் முதலில் நாலு மணியில்தான் ஆரம்பிப்பார்கள். நிற்கும்போது அருமை. குனிந்தால் பிடி சட்டையைக் கூடாரம் போலத் தூக்கும், கார் இருக்கையில் முதுகைக் குத்தும். நான் கடைசியில் ஒரு மணிக்கு, அதாவது வலது பக்க முன்வயிற்றுக்கு வந்தேன். தொப்பை உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பார்கள். எனக்கும் தொப்பை உண்டு. நீளக் குழல் பிஸ்டலுக்கு அது உண்மையாக இருக்கலாம், இந்தக் குட்டிக் குழலுக்கு இல்லை, தொடையைத் தொடுவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் முன்பக்கம் வைக்க வேண்டுமென்றால் தோலோ துணியோ வேண்டாம், கைடெக்ஸ்தான் என் தேர்வு. துப்பாக்கியின் அச்சிலேயே வார்த்த கெட்டி பிளாஸ்டிக். இதில் மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். உறை, குழல் முடியும் இடத்தைத் தாண்டி ஓரிரண்டு அங்குலம் கீழே நீண்டிருக்க வேண்டும். அந்த வால்தான் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, பிடி வெளியே சாயாமல் நிறுத்துகிறது. குட்டித் துப்பாக்கிக்குக் குட்டி உறை என்று வாங்கினால் கவிழ்ந்துகொண்டே இருக்கும். அடுத்து, உடம்பைத் தொடும் பக்கத்தில் கீழே ஓர் ஆப்பு. ரப்பர் நுரையில் தனியாகவும் கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம். அது கீழ்ப்பகுதியை வெளியே தள்ளி, மேலே பிடியை வயிற்றோடு சேர்க்கும். கடைசியாக, உயரம். சிலிண்டர் பெல்ட்டுக்கு நேர் பின்னால் வரக்கூடாது, சற்று மேலேயோ கீழேயோ இருக்க வேண்டும். எனக்கு மேலே இருப்பது பிடித்திருக்கிறது. திருகைக் கழற்றி உயரத்தை மாற்றும் வசதி உள்ள உறையாகப் பாருங்கள், உடம்புக்கு உடம்பு இது வேறுபடும்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். சாதாரண ஆபீஸ் பெல்ட் மதியத்துக்குள் மடங்கிவிடும். ஒன்றரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோலோ விறைப்பான நைலானோ வேண்டும். உறையின் கிளிப்பும் அதே அகலத்துக்குச் செய்ததாக இருக்க வேண்டும், பெரிய கிளிப்பில் சின்ன பெல்ட் போட்டால் ஆடும். பேன்ட் இடுப்பளவு வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூட.

தோலை நான் வெறுக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெல்ட்டுக்கு வெளியே தோல் உறையில் வைப்பதைப் போலச் சுகம் வேறில்லை. ஆனால் ஹூஸ்டனில் மே முதல் அக்டோபர் வரை காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். தோல் அந்த ஈரத்தைக் குடித்து, தளர்ந்து, வாசனையும் அடிக்க ஆரம்பிக்கும். ராத்திரி துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துவிட்டால் ஈரம் அதற்கு இறங்கும். துருப்பிடிக்காது என்று பெயர் வாங்கிய எஃகிலும் காபி நிறப் புள்ளி வரும். கைடெக்ஸை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடலாம்.

கணுக்கால் உறை காரில் ஓட்டுபவருக்கு நல்லது, எடுப்பதற்குக் கால் பக்கத்தில் கை போனால் போதும். நாள் முழுக்க நிற்கும் எனக்கு ஒரு காலில் மட்டும் கனம் தொங்குவது பிடிக்கவில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை நம் ஊர் வேட்டிக்காரர்களின் பச்சை பெல்ட் போலத்தான், விசேஷ வீட்டில் இடுப்பு பெல்ட் போட முடியாத உடைக்கு உதவும், ஆனால் ட்ரிகர் மேல் கெட்டியான மூடி தைத்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. பிடியிலேயே கொக்கி வைத்து உறை இல்லாமல் பெல்ட்டில் தொங்கவிடும் சாமான் ஒன்றும் விற்கிறது. அமெரிக்கர்கள் சிலர் அதைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறார்கள். ட்ரிகர் திறந்து கிடப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

உறையை மாற்றுவதற்கு முன் பிடியை மாற்றிப் பாருங்கள் என்றும் சொல்வேன். பெரிய ரப்பர் பிடி சுடும்போது கைக்கு இதம், சட்டைத் துணியோ அதில் ஒட்டிக்கொண்டு மேலேறும். வழுவழுப்பான சின்னப் பிடி போட்டதும் என் பழைய உறைகூட ஒரு சுற்று மேம்பட்ட மாதிரி ஆனது. பதிலுக்கு, ரேஞ்சில் பிளஸ் பி எனும் அழுத்தம் கூடிய தோட்டா சுட்டால் உள்ளங்கை எரியும். கோடு போட்ட, பூப்போட்ட சட்டைகள் வெற்று நிறத்தைவிட நன்றாக மறைக்கும். கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் என் சட்டை ரசனையைக் கிண்டல் செய்வார்கள், போகட்டும்.

யாரும் எழுதாத ஒரு விஷயம், கழிப்பறை. பொது இடத்தில் பேன்ட் இறங்கும்போது இடுப்பு உறையும் சேர்ந்து தொங்கும், பக்கத்து அறைக்காரர் கண்ணில் படும். கதவுக் கொக்கியில் மாட்டுவதும், தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பதும் ஆகாது. மறந்துவிட்டு வந்தவர்கள் கதை நிறைய உண்டு. உறையிலிருந்து எடுக்காமல், அப்படியே பேன்ட்டின் கால்பகுதிக்குள் மடித்து வைத்துக்கொள்வதுதான் வழி. பை உறைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அதே காரணத்தால், கிளிப்பை அவிழ்த்து உறையும் துப்பாக்கியும் ஒரே கட்டாகக் கழற்ற முடிய வேண்டும். பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகும்போது கார்ப் பெட்டியில் வைப்பதற்கும், வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் நுழைந்ததும் லாக்கரில் வைப்பதற்கும் இது வேண்டும். கார் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தோட்டா போட்ட துப்பாக்கியை வெறுமனே உருவிச் செருகும் வேலை மிச்சம்.

கைடெக்ஸ் வாங்கினால் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு குப்பியும் சேர்த்து வாங்குங்கள். நடக்க நடக்கத் திருகுகள் தளரும். உயரத்தை உங்களுக்கு ஏற்றபடி வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, சரி என்று பட்டதும் ஒவ்வொரு திருகிலும் ஒரு சொட்டு விட்டு இறுக்கிவிடுங்கள். சிவப்பு நிறத்தது வேண்டாம், அதைப் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும், கைடெக்ஸ் சூட்டில் வளைந்துவிடும்.