கட்டுபவரிடமா, ஓட்டுபவரிடமா? சிங்கப்பூரில் நெரிசலைத் தொடும் கட்டணம் எது

கட்டுமான நிறுவனம் செலுத்துவது நில மேம்பாட்டுக் கட்டணம். 2022 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூர் நில ஆணையம் வசூலிக்கிறது. கணக்கு எளிது: புதிய அனுமதியால் நிலம் பெறும் மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழிக்க வேண்டும். 2,000 சதுர மீட்டர் மனையின் மனை விகிதம் (எல்லா மாடிகளின் மொத்தத் தரைப்பரப்பு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 1.4-லிருந்து 2.8 ஆனால் தரைப்பரப்பு 2,800 சதுர மீட்டர் கூடும். வீதம் சதுர மீட்டருக்கு 8,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 22.4 மில்லியன் வெள்ளி. தீவை 118 பகுதிகளாகப் பிரித்து, மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை வீதங்களைத் திருத்துகிறார்கள். ஒரு குடியிருப்பின் உரிமையாளர்கள் சேர்ந்து மொத்த மனையையும் விற்கும் கூட்டு விற்பனையில் இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் நிறுவனம் விலை கேட்கும். ஆகவே சுமையில் பெரும்பங்கு நிலத்தை விற்பவர் தலையில்.

இந்த வீதம் நிலத்தின் மதிப்பைப் பார்க்கிறது, காரைப் பார்ப்பதில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய மனைக்கு மதிப்பு கூடுதல் என்பதால் கட்டணமும் கூடுதல்; பேருந்து மாறிப் போகவேண்டிய ஓரத்து மனைக்குக் குறைவு. கார் அதிகம் தேவைப்படுவது ஓரத்தில்தான் என்பதால் நெரிசல் கணக்கில் இது தலைகீழ்! அப்படியிருந்தும் நகரம் ஓரங்களுக்குச் சிதறவில்லை. எங்கே எவ்வளவு உயரம் என்பதை, நிலப் பயன்பாட்டை வகுக்கும் அரசின் பெருந்திட்டம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. நகர மையத்தின் ஆன்சன் ரோடு, செசில் ஸ்திரீட் அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக்க 2019-இல் கூடுதல் தரைப்பரப்பு தர முன்வந்தார்கள். வேலையிடத்துக்கு அருகே ஆட்களைக் குடியேற்ற, கட்டணத்தைவிட இந்தச் சலுகைக்கே வலு அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

ஓட்டுபவரிடம் வாங்குவது இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம். 1975-இல் வாகனக் கண்ணாடியில் ஒட்டும் காகித வில்லையாகத் தொடங்கிய முறை 1998-இல் மின்னியலானது. விரைவுச்சாலையில் மணிக்கு 45–65 கிலோமீட்டர், பெருஞ்சாலையில் 20–30 என்பதே இலக்கு வேகம். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். காலை எட்டரை மணி நெரிசலைக் குறிவைக்க இதற்கு ஈடில்லை. ஆனால் சிலர் கட்டண வாயிலைத் தவிர்த்துப் பக்கத்துத் தெருக்களில் நுழைவார்கள். கட்டி முடித்த குடியிருப்பை இது இடம் மாற்றவும் செய்யாது.

கட்டுபவர் பக்கம் காரை நேராக எண்ணும் கருவி வேறு: வாகன நிறுத்துமிட விதி. முன்பு குறைந்தபட்ச எண்ணிக்கை கட்டாயம். 2019 பிப்ரவரி முதல் கீழ் எல்லை, மேல் எல்லை என ஒரு வரம்பு. நகர மையத்திலும் எம்ஆர்டி அருகிலும் அந்த எண்ணிக்கை குறைவு. புதுத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்க்கும்போது கட்டணத் தொகைக்கு முன் நிறுத்துமிட எண்ணிக்கையைத் தேடுங்கள்.