வார்கா ஜாடியா, நார்மர் பலகையா: எதில் தொடங்கலாம்?

பழைய சுமேரியக் (இன்றைய தென் ஈராக்) கலையில் தொடங்குவதா, எகிப்தில் தொடங்குவதா என்று குழம்புகிறவர்களுக்கு இடத்துக்கொரு பொருள் போதும்: சுமேரியாவுக்கு வார்கா ஜாடி, எகிப்துக்கு நார்மர் என்ற பழைய அரசனின் பலகை. இரண்டும் சுமார் 5000 ஆண்டுப் பழசு, இரண்டும் கோயில் வளாகத்தில் கிடைத்தவை.

கல்: ஜாடி அலபாஸ்டர், சுமார் 1 மீட்டர் உயரம். பலகை கரும்பச்சை வண்டல் கல், 64 செ.மீ.

காட்சி: ஜாடியை அடியிலிருந்து மேலே பார்க்க வேண்டும்; தண்ணீர், பயிர், ஆடுகள், கூடை சுமக்கும் அம்மண ஆண்கள், உச்சியில் காணிக்கையை வாங்க இனன்னா என்ற பெண் தெய்வமோ அவளுடைய பூசாரிணியோ நிற்கிறாள். பலகையிலோ எல்லாம் அரசன்தான். ஒரு பக்கம் வெள்ளை மகுடத்தோடு எதிரியின் முடியைப் பிடித்துக் கதாயுதத்தை ஓங்குகிறான் நார்மர், பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சேவகன் (எனக்குப் பிடித்ததே அந்தச் செருப்புதான்). மறுபக்கம் சிவப்பு மகுடம், தலை வெட்டிய பிணங்கள், அப்புறம் நீண்ட கழுத்தைப் பின்னிக்கொண்ட இரு விலங்குகள், அந்த வளையத்துக்குள் கண் மை அரைப்பதற்கான குழி.

நிலைமை: பலகை கிட்டத்தட்ட முழுசு. ஜாடி 2003இல் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து கொள்ளை போய், உடைந்து திரும்பி வந்தது. ஜாடியின் உச்சிக் காட்சியில் இருந்த அரசனின் உருவம் அதற்கு முன்பே சிதைந்திருந்தது.

போர், அரசதிகாரம், எழுத்தின் தொடக்கம் வேண்டுமா, பலகை. சடங்கு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஜாடி. என் ஓட்டும் அதற்கே.