கடலோர மழைக்காட்டில் பிறந்தநாள்: முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

புதுச்சேரியில் இயங்கும் ஒரு சிறிய பயண நிறுவனம், "கடலோர மழைக்காட்டில் பிறந்தநாள்" என்ற தலைப்பில் தம்பதியருக்கான அந்தமான் சுற்றுலாவை வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக விற்று வருகிறது. சென்ற ஜனவரியில் அதை நம்பி 98,000 ரூபாய் கட்டிச் சென்ற நானும் என் மனைவியும் ஏமாற்றப்பட்டோம். வழக்கு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுத இயலவில்லை. ஆனால் அதே விளம்பரம் மீண்டும் கடலூர், புதுச்சேரிக் குழுக்களில் வலம் வரத் தொடங்கியிருப்பதால், நடந்ததை முழுமையாக எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

என் மனைவி கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். பிச்சாவரத்துக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்று சுரபுன்னையையும் கண்டலையும் தில்லையையும் காட்டிப் பாடம் நடத்துபவர். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு நாங்கள் சாமி கும்பிடப் போனால், நான் வெளியே வந்து அரை மணி நேரம் கழித்தே அவர் வருவார். அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. கடலூரும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நம் கடற்கரையில் இருந்து நேர் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் சென்றால் அந்தமான் வந்துவிடும். இடையில் இருப்பது ஒரே வங்கக் கடல்தான். ஆனால் நம் கரைக்குப் பெருமழை கொடுப்பது வடகிழக்குப் பருவக்காற்று மட்டுமே, அந்தத் தீவுகளுக்கோ தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் கொடுக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை அங்கே பெய்கிறது, நமக்கு அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கரையில் குட்டையான உலர் பசுமைமாறாக் காடும், அந்தக் கரையில் வானளாவிய மழைக்காடும் நிற்கின்றன என்று அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் சொல்லி வருகிறார், ஆனால் அந்தக் காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டபோது, நகையோ புடவையோ கேட்காமல், "அந்தக் காட்டுக்குள்ள ஒரு பகல் முழுக்க இருக்கணுங்க" என்றார்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நாங்கள் வெளிப்படையாகச் சொன்னோம் என்பதுதான். எங்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்தே அவர்கள் எங்களிடம் பொய் சொன்னார்கள். ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பரில் இருந்து அதன் பெயர் சுவராஜ் தீவு) ராதாநகர் கடற்கரையை ஒட்டிய காட்டுக்குள் ஒரு காட்டேஜ் இருப்பதாகவும், கதவைத் திறந்தால் மரங்கள், நூறு அடி நடந்தால் கடல் என்றும் உரிமையாளர் விவரித்தார். ராதாநகர், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை என்று அவர் சொன்னதும், அதன் பின்னால் அடர்ந்த காடு நிற்கிறது என்று சொன்னதும் உண்மையே. அங்கே எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது என்பதுதான் பொய்.

அக்டோபரில் 50,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்தோம். மீதி 48,000 ரூபாயை ஜனவரி முதல் வாரத்தில் செலுத்தினோம். இதில் விமானக் கட்டணம், போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, தீவுக்குப் போய்வரத் தனியார் கப்பல், பிறந்தநாள் கேக்குக்கும் பூ அலங்காரத்துக்குமாகத் தனியே 6,500 ரூபாய் எல்லாம் அடக்கம் என்றார்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல், "பேங்க் சர்வர் வேலை செய்யல சார்" என்று சொல்லி ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் கேட்டபோது பயணம் முடிந்ததும் தருவதாகச் சொல்லி, கையால் எழுதிய ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். நான் அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, வண்ணத்தில் அச்சிட்ட வவுச்சர் ஒன்று வந்தது. அதில் காட்டேஜின் பெயரும், எங்கள் பெயர்களும், "உறுதி செய்யப்பட்டது" என்ற முத்திரையும் இருந்தன. அந்த முத்திரை அவர்கள் அலுவலகத்தில் குத்தியது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஜனவரி 20-ஆம் தேதி சென்னையிலிருந்து விமானம் சரியாகப் புறப்பட்டு, இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியது. வண்டி காத்திருந்தது, முதல் இரவுக்கான விடுதியும் நன்றாகவே இருந்தது. இப்போது யோசித்தால், முதல் நாளை ஒழுங்காக வைப்பதும் அவர்களுடைய முறையின் ஒரு பகுதியே என்று தோன்றுகிறது. ஊர் திரும்ப முடியாத தூரத்துக்கு நாம் வந்து சேரும்வரை எந்தக் குறையும் கண்ணில் படுவதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்களுக்குக் கப்பல் என்று வவுச்சரில் இருந்தது. ஏழு மணிக்கே ஜெட்டியில் போய் நின்று அடையாள அட்டைகளைக் காட்டினோம். எங்கள் பெயரில் டிக்கெட் இல்லை. அந்த நிறுவனத்தின் எண்ணுக்குப் பதினோரு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அங்குள்ள வண்டிக்காரர், பெற்றோர் காலத்திலேயே அந்தமானில் குடியேறிய தமிழர், தன் முதலாளியிடம் விசாரித்துவிட்டுத் தயக்கத்தோடு உண்மையைச் சொன்னார். முதல் நாள் ஏற்பாடுகளுக்கு மட்டுமே புதுச்சேரியிலிருந்து அவர்களுக்குப் பணம் வந்திருந்தது. அவர் எங்களோடு ஒவ்வொரு கவுன்டராக அலைந்து, மதியம் இரண்டு மணிக் கப்பலில் இரண்டு இருக்கை பிடித்துக் கொடுத்தார். 3,600 ரூபாயை நாங்களே கட்டினோம். அலைந்ததற்குக் கூலி கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

ஹேவ்லாக் ஜெட்டியில் இறங்கி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஆட்டோவில் சென்று அந்தக் காட்டேஜை அடைந்தோம். விளம்பரத்தில் சொன்னபடியே அது காட்டுக்குள்தான் இருந்தது. வரவேற்பில் இருந்த இளைஞர் வவுச்சரை வாங்கிப் பார்த்துவிட்டு, கணினியில் தேடி, மேலாளரை அழைத்தார். மேலாளர் மரியாதையாகவே பேசினார். எங்கள் பெயரில் அக்டோபரில் ஓர் அறையைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், டிசம்பர் 20-க்குள் பணம் கட்ட வேண்டும் என்று கெடு, அவர்கள் கட்டவில்லை, அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதாவது, எங்களிடம் மீதி 48,000 ரூபாயை வாங்கியபோதே அந்த அறை எங்களுக்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பயண வியாபாரத்தில் இப்படி அறையைப் பிடித்து வைப்பது வழக்கமானதுதான். முகவர் பணம் கட்டாமலே குறிப்பிட்ட தேதிவரை அறையை நிறுத்தி வைக்கலாம். அந்தத் தேதி கடந்தால் அது தானாகவே விடுபட்டுவிடும். நம்மிடம் வாங்கிய பணத்தை முந்தைய வாடிக்கையாளரின் கடனை அடைக்கவோ வேறு செலவுக்கோ பயன்படுத்திவிட்டுக் கெடுவைத் தவறவிடும் முகவரிடமும் வவுச்சர் இருக்கும், ஒழுங்காகப் பணம் கட்டிய முகவரிடமும் வவுச்சர் இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் விடுதியின் பதிவேட்டில் மட்டுமே தெரியும். அதை நாம் கேட்டால் விடுதிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். "இந்தத் தேதியில் இந்தப் பெயரில் அறை இருக்கிறதா, முழுப்பணம் வந்துவிட்டதா?" என்று ஊரில் இருந்தபடியே ஒரு தொலைபேசி அழைப்பில் நான் கேட்டிருந்தால், டிசம்பர் கடைசியிலேயே இது வெளிப்பட்டிருக்கும். முகவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது, விடுதியின் எண்ணை நாமே தேடி எடுத்து அழைக்க வேண்டும். அதேபோல் கப்பலுக்கும், வவுச்சரில் "கப்பல் உண்டு" என்ற வரி போதாது. பயணிகளின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள டிக்கெட்டே கைக்கு வர வேண்டும்.

அன்று இரவு நிறுவனத்தின் உரிமையாளர் ஒருவழியாகப் பேசினார். பதறிப்போனவர் போல மன்னிப்புக் கேட்டு, விடுதியின் மேல் பழியைப் போட்டு, இப்போதைக்கு ஜெட்டிக்கு அருகே ஒரு லாட்ஜில் தங்கும்படியும், மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அதே காட்டேஜில் அறை காலியாகும், வண்டி அனுப்புகிறேன் என்றும் சொன்னார். லாட்ஜுக்கும் இரண்டு இரவுக்கு 7,000 ரூபாய் நாங்களே கொடுத்தோம். சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர், அதற்கப்பால் தென்னையும் பாக்கும். தென்னையையும் கடலையும் பார்க்க எங்களுக்குத் தேவனாம்பட்டினம் போதும்.

மறுநாள் ஜனவரி 22, என் மனைவியின் பிறந்தநாள். எந்த நேரத்திலும் வண்டி வரலாம் என்பதால், பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு காலை முதல் காத்திருந்தோம். பன்னிரண்டு மணி என்றவர் இரண்டு என்றார், பிறகு மூன்றரை என்றார். ஒவ்வொரு முறையும் "வண்டி கிளம்பிட்டது சார்" என்ற பதில்தான். மாலை ஐந்து மணிக்கு ஒரு கார் வந்தது. அந்த ஓட்டுநருக்குக் காட்டேஜைப் பற்றி எதுவும் தெரியாது, ராதாநகரில் சூரிய அஸ்தமனம் காட்டி அழைத்து வரச் சொன்னார்கள் என்றார். எங்கள் பயணத் திட்டத்தில் அஸ்தமனம் மாலை 6.15 என்று அச்சிடப்பட்டிருந்தது. கடலூரில் ஜனவரியில் ஆறு மணியைத் தாண்டித்தான் சூரியன் மறைகிறது. ஆனால் பதின்மூன்று பாகை கிழக்கே இருக்கும் அந்தத் தீவில், கடிகாரம் நம் நேரத்தையே காட்டினாலும், ஐந்தேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. அங்கே ஒருமுறையாவது போய் வந்தவர் அந்தத் திட்டத்தை எழுதியிருக்க முடியாது. நாங்கள் கடற்கரையை அடைந்தபோது இருள் கவிந்துகொண்டிருந்தது, காவலர்கள் விசில் ஊதி அனைவரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். மரங்கள் கறுப்புச் சுவராக நின்றன. கேக்கும் வரவில்லை, பூவும் வரவில்லை. அவை வராததில் அவருக்கு வருத்தமில்லை. ஐம்பதாவது பிறந்தநாளின் பகல் முழுவதையும் ஒரு லாட்ஜின் படிக்கட்டில், மடியில் கைப்பையோடு கழித்தார் என்பதை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. அந்தப் பகல் திரும்பக் கிடைக்காது.

இருபத்து மூன்றாம் தேதி நண்பகலுக்குத் திரும்பும் கப்பல். யாரிடமும் எதுவும் கேட்காமல், விடியும்முன் ஓர் ஆட்டோ பேசிக்கொண்டு மீண்டும் ராதாநகர் சாலைக்குப் போனோம். அந்தக் கடற்கரை மேற்கு நோக்கியது, அதனால் காலை வெளிச்சம் காட்டின் பின்னாலிருந்து வந்தது. ஆளுயரத்துக்கு மேல் பலகைபோல விரிந்த வேர்களுக்கு இடையே நின்று, அண்ணாந்து பார்த்தபடி, இது படாக் மரமாக இருக்கும், அது குர்ஜனாக இருக்கும், கடலை ஒட்டி நிற்பது கடல் இலுப்பை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நம் ஊர் இலுப்பையின் குடும்பமாம் அது. சுமார் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதற்குள் ஒருமுறைகூட அவர் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசவில்லை. திரும்பும் கப்பலுக்கு 3,400 ரூபாய் நாங்களே கட்டினோம், ஏனென்றால் அந்த டிக்கெட்டும் எடுக்கப்பட்டிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் உரிமையாளர் "வானிலை சரியில்லாததால்" ஏற்பாடுகள் குலைந்தன என்று கடிதம் எழுதினார். 21-ஆம் தேதி காலை கடல் அமைதியாக இருந்ததையும், எங்கள் கண்முன்னே கப்பல்கள் நிரம்பிப் புறப்பட்டதையும் நான் ஜெட்டியிலிருந்து எடுத்த, நேரம் பதிவான படங்கள் காட்டுகின்றன. அடுத்த பயணத்தில் 15,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகவும், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார். மறுத்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகார் பதிந்தேன். நிறுவனம் பதிலளிக்காததால் அறிவிப்பு அனுப்பிவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்தேன். நிறுவனம் புதுச்சேரியில், நான் கடலூரில், ஆகவே வேறொரு ஆட்சிப்பகுதிக்கு அலைய வேண்டுமோ என்று தயங்கினேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். சிறிய தொகை என்றோ அலைச்சல் என்றோ எண்ணி விட்டுவிட்டவர்கள் இன்னும் காலம் இருந்தால் தாக்கல் செய்யுங்கள். ஜிபே பதிவுகள், கையெழுத்து ரசீது, வவுச்சர், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றோடு, அறை டிசம்பர் 20 அன்று பணம் வராமல் விடுபட்டது என்று அந்தக் காட்டேஜின் மேலாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். கேட்ட அன்றே கடிதத்தைக் கொடுத்த அவர், எங்களைப்போல அதே நிறுவனத்தின் வவுச்சரோடு அந்தப் பருவத்தில் வந்து நின்ற மூன்றாவது தம்பதி நாங்கள் என்றும் சொன்னார்.

வரும் பொங்கல் விடுமுறைக்கோ திருமண நாளுக்கோ அந்த விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியிருப்பவர்கள், மீதித் தொகையை அனுப்புவதற்கு முன் இன்றே விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசி, உங்கள் பெயரில் பணம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். முன்பு அந்த நிறுவனத்தின் வழியாகச் சென்று ஏமாந்த மற்ற இரண்டு தம்பதியரும் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ரசீதுகளையும் வவுச்சர்களையும் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். ஆணையத்தின் முன் அவை எங்களுடைய ஆவணங்களுக்கும் வலுச்சேர்க்கும்.