6,500 ரூபாய்க்கு ஒரு வேலித்தடி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவு வேலியோரம் ஒரு தடி நிற்கிறது. பக்கத்துத் தடிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, விலையைத் தவிர. அதற்கு நான் கொடுத்தது 6,500 ரூபாய். கூடவே வந்த இன்னொரு கன்றுக்கு 4,800, கூரியருக்கு 750. வெட்கத்தை விட்டு இதை எழுதுவதற்குக் காரணம், ரெட்பட் கன்று என்று அதை என் தலையில் கட்டிய ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆசையை மூட்டியது தங்கச்சிதான். அவள் இருப்பது டொரொன்டோவில். வீட்டு முன்றலில் ரெட்பட் மரம் வைத்திருக்கிறாள். வைகாசி பிறக்கும்போது இலை ஒன்றுகூட இருக்காது. கொப்பெல்லாம், அடிமரத்தில்கூட, ஊதா கலந்த றோஸ் நிறத்தில் பூ அப்பிக்கொண்டு நிற்கும். பெயர்தான் சிவப்பு மொட்டு. பூ கொட்டிய பிறகுதான் இலை வரும், இதய வடிவில். அவளுடையது ஃபாரஸ்ட் பான்ஸி என்ற வகை, இளம் இலை கறுப்புத் திராட்சைத் தோல் நிறம். பக்கத்து வீட்டில் ரைசிங் சன்: கொழுந்து செம்மஞ்சள், அடுத்த இலை மஞ்சள், கீழே பச்சை, எல்லாம் ஒரே கொப்பில். வீடியோ அழைப்பில் இதையெல்லாம் காட்டிக் காட்டியே என்னைக் கெடுத்துவிட்டாள். என் வாசலில் நிற்பது இரண்டு குரோட்டனும் ஒரு செவ்வரத்தையும்.

புரட்டாசியில் ஃபேஸ்புக்கில் அதே மரத்தின் படத்தோடு விளம்பரம் வந்தது. "நுவரெலியாவில் பழக்கிய கன்று, எந்த ஊரிலும் வளரும்." வாட்ஸ்அப்பில் பேசினேன். விற்கிற தம்பி நல்ல மரியாதை. அக்கா அக்கா என்றே பேசினார். வங்கிக் கணக்கில் இருந்த பெயர் வேறு, பக்கத்தின் பெயர் வேறு. அதைக் கண்டேன், கண்டும் காசைப் போட்டேன்.

நாலாம் நாள் பெட்டி வந்தது. ஃபாரஸ்ட் பான்ஸி என்று வந்ததில் ஏழெட்டு இலை, கருஞ்சிவப்பு, சரியான இதய வடிவம். மனம் குளிர்ந்துபோனது. ரைசிங் சன் என்று வந்தது கறுப்புப் பையில் நட்டிருந்த ஒரு தடி. பெருவிரல் மொத்தம், இரண்டரை அடி உயரம், மேல் வெட்டில் சிவப்பு பெயின்ற் பூசியிருந்தது. இலை இல்லை. உடனே படம் எடுத்து அனுப்பினேன்.

"அது நித்திரையில இருக்கு அக்கா. குளிர்நாட்டு மரமெல்லாம் இப்படித்தான். காலையும் பின்னேரமும் அடியில ரெண்டு ஐஸ் கட்டி போடுங்க, எழும்பும்."

போட்டேன். மூன்று கிழமை போட்டேன். ஒரே பெட்டியில் வந்த ஒரே சாதி மரம் இரண்டில் ஒன்று முழு இலையோடு விழித்திருக்க, மற்றது மட்டும் எப்படி நித்திரை கொள்ளும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவேயில்லை. மகன் சிரித்தான். வெயில் படக்கூடாது என்று பச்சை வலையும் கட்டிவைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் தடியின் கணுவில் பச்சைப் பொட்டு. நாலைந்து நாளில் அது நீண்டு விரிந்தது. நான் இதயத்துக்காகக் காத்திருந்தேன்; வந்தது ஈர்க்கு. நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன முட்டை வடிவ இலைகள். கொழுந்துதானே, பிறகு மாறும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த வளவு மாமிக்கு ஆடு இருக்கிறது. அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா இது, கிளிசரியாவுக்கு வலையெல்லாம் கட்டி வச்சிருக்கிறாய்?"

விலையைச் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர ஆடு நாளைக்கு அம்பதாயிரத்துக்குத் தின்னுதுகா" என்றார்.

கிளிசரியா, சீமைக்கிளுவை, எப்படிச் சொன்னாலும் அதேதான். வெட்டி நட்டால் எங்கும் முளைக்கும், அதனால்தான் ஊரெல்லாம் வேலிக்கு நடுகிறோம். இந்த ஏமாற்று ஒரு விதத்தில் கெட்டிக்காரத்தனமானது. கிளிசரியாவும் வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கொப்பில் றோஸ் நிறத்தில் பூக்கும். ரெட்பட்டும் அவரைக் குடும்பம், இதுவும் அவரைக் குடும்பம். தூரத்திலிருந்து எடுத்த படமென்றால் நான் இன்றைக்கும் குழம்புவேன். இலையில்தான் பிடிபடும்: ரெட்பட்டுக்குக் காம்புக்கு ஒற்றை இலை, கிளிசரியாவுக்கு ஈர்க்கில் வரிசையாக.

சரி, மற்றதாவது நிசமாக இருக்கட்டும் என்று அதைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். வேகமாகத்தான் வளர்ந்தது. மாசியில் பக்கக் கொப்பு ஒன்றை முறிக்கப் போனேன். கொப்பு முறிந்தது, கையோடு வரவில்லை. தோல் நாராக உரிந்து, அடிமரம் வரை கயிறுபோல இழுபட்டு வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் வெளிறி, விரலுக்குப் பூனைமயிர்போலப் பட்டது. அடுத்த மாதம் பூ வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது. காலையில் செவ்வரத்தைபோல அகல விரிந்த மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பின்னேரம் பூ முழுக்கச் செம்பு நிறமாகி, வாடி விழுந்தது. வாவிக்கரையில் நிற்கிற நீர்ப்பருத்திதான், சிங்களத்தில் பெலிபட்டா என்பார்களே, அது. அதில் சிவப்பு இலை வகை ஒன்று உண்டு. களுவாஞ்சிகுடிப் பக்கம் றோட்டோரத்தில் அதே உயரக் கன்று 600 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள், பெயரையும் சரியாகவே சொன்னார்கள்.

போன் எடுத்தேன். தம்பி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "உங்கட கிணத்துத் தண்ணியில உப்பு கூட அக்கா. அதுதான் இலை மாறி வந்திருக்கு." உப்புத் தண்ணீரில் மரம் காயும், இலை கருகும். ஒரு சாதி இன்னொரு சாதியாக மாறாது. இதைச் சொன்னதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பற்றுச்சீட்டும் இல்லை. நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. கையில் ஒரு துண்டு இல்லாமல் என்னத்தைக் காட்டுவது?

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன், முதலே செய்திருக்க வேண்டியது. ரெட்பட் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மரம், ஒக்லஹோமாவின் மாநில மரமும் அதுதான். பனிக்காலம் முழுக்க மொட்டு குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூத்துத் தளிர்க்கும். அடியில் ஐஸ் போட்டு அந்தக் குளிரைக் கொடுக்க ஏலாது. மட்டக்களப்பில் மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம், அம்பாறைக் கரையோரமும் அப்படியே. நிசக் கன்று வந்திருந்தாலும் நான் பார்த்திருப்பது சவலைப் பிள்ளையைத்தான். கலர் இலை வகைகளை ஒட்டுப்போட்டுத்தான் பெருக்குகிறார்கள், ஆகவே அடித்தண்டில் ஒட்டின முட்டு தெரிய வேண்டும். மேல் வெட்டில் பூசின பெயின்ற் ஒட்டுக்கு அடையாளம் இல்லை. "கலர் ரெட்பட் விதை" என்று பக்கெட்டில் விற்பவர்களும் இருக்கிறார்கள். விதையில் அந்த நிறம் வரும் என்று நம்ப ஏலாது. போதாததற்கு அதன் தோலைச் சுரண்டி, ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் முளைக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த கன்று என்று யாராவது சொன்னால் கடதாசியைக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கன்றை இறக்குமதி செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும், கட்டுநாயக்காவில் தொற்றுத்தடுப்புச் சோதனையும் உண்டு. நான் கேட்டிருந்தால் தம்பி அன்றைக்கே காணாமல் போயிருப்பார், 12,050 ரூபாயும் மிஞ்சியிருக்கும். கன்று விஷயத்தில் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கும் எடுத்துக் கேட்கலாம்.

நீர்ப்பருத்தியை நான் பிடுங்கவில்லை. அது என்ன பிழை செய்தது? கிளிசரியாத் தடியைத்தான் பையோடு தூக்கி வேலிக்கரையில் நட்டேன், மாமியின் ஆடு இந்தப் பக்கம் கழுத்தை நீட்டித் தின்கிறது.

முந்தாநாள் அதே படம் வேறு பெயருள்ள பக்கத்தில் வந்தது. விலை 7,900 ஆகியிருக்கிறது, "மட்டக்களப்பு, அம்பாறை எங்கும் டெலிவரி" என்ற வரியும் புதிது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் நீல நிறத் தடித்த ஜாக்கெட் போட்ட ஒருவர் நிற்பார், கைகள் இரண்டும் பைக்குள் இருக்கும்.