எசென்ஷியல் எஸ்.என்.எம்.பி.: டவர் ஏறுமுன் படிக்க வேண்டிய புத்தகம்

அட்டனில் ஒரு தோட்டக் கம்பனியின் நெட்வேர்க் என் பொறுப்பில் இருக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஏழு தேயிலை ஃபெக்டரிகள். எல்லாவற்றையும் மலையுச்சி டவர்களில் இருக்கும் ரேடியோக்கள்தான் அட்டன் அலுவலகத்தோடு இணைக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் வந்தால் பின்னேரம் இடி இறங்கும். உடனே போன் வரும்: "தங்கச்சி, லைன் போயிருச்சு. கொழுந்துக் கணக்கு ஏறல." முதல் இரண்டு வருஷம் அந்தப் போனுக்கு எனக்கு ஒரே பதில்தான் தெரியும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன், பிறகு மலை ஏறுவேன். மேலே போய்ப் பார்த்தால் பல நாள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்த நிலையை மாற்றியது இந்தப் புத்தகம். டக்ளஸ் மௌரோ, கெவின் ஷ்மிட் என்ற இருவர் எழுதியது, ஓரைலி வெளியீடு. முதல் பதிப்பு 2001, என்னிடம் இருப்பது 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு. அட்டையில் மான் படம். மருதானையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது.

எஸ்.என்.எம்.பி. என்பது ரவுட்டர், சுவிட்ச், ரேடியோ, யு.பி.எஸ். போன்ற கருவிகளிடம் தூரத்திலிருந்தே நிலைமையைக் கேட்டு அறியும் முறை. 1988இல் முதல் வடிவம் வந்தது. கருவிக்குள் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் இருக்கும். நாம் கேட்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கேட்க வேண்டுமானால் 1.3.6.1.2.1.1.3.0. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். நானும் தமிழ்வழியில் படித்து வந்தவள், முதல் வாரம் தலை சுற்றியது. அப்புறம் நம்மூர் விலாசத்தை நினைத்துக்கொண்டேன். தோட்டம், அதற்குள் டிவிஷன், அதற்குள் லயம், அதற்குள் காம்பரா. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாக இறங்கினால் சரியான கதவைத் தட்டிவிடலாம். புள்ளிக்குப் புள்ளி அந்த எண்ணும் அப்படித்தான் இறங்குகிறது. இப்படிக் கிளை கிளையாகப் பிரியும் இந்த எண் மரத்தை இரண்டாம் அத்தியாயம் பொறுமையாக விளக்குகிறது. புத்தகத்தை ஒரு தடவைதான் படிப்பேன் என்பவர்களும் இந்த அத்தியாயத்தை மூன்று தடவை படிக்க வேண்டும்.

கேட்டு அறிவதற்கும் தானாக வந்து சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தையும் நன்றாகச் சொல்கிறார்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது மாதிரி நாம் ஒவ்வொரு கருவியையும் 161ஆம் போர்ட்டில், அதாவது செய்தி நுழையும் அந்த எண் வாசலில், கூப்பிட்டுக் கேட்கலாம். ஏதாவது நடந்தால் கருவியே 162ஆம் போர்ட்டுக்குத் தகவல் அனுப்பவும் செய்யும், அதற்கு ட்ராப் என்று பெயர். ஆனால் ட்ராப் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியாது. மலையில் லைனே அறுந்திருந்தால் அறுந்தது என்ற செய்தியும் அதே லைனில்தான் வரவேண்டும், வராது. அதனால் நான் ட்ராப்பை மட்டும் நம்புவதில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பேர் கூப்பிடுகிறேன். வராதவர் யார் என்பதுதான் எனக்கு முதல் செய்தி.

ஓடும் நேரத்தைக் கேட்கும் அந்த ஒரு எண்ணே எத்தனையோ பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது. லைன் போய்த் திரும்பி வந்ததும் ரேடியோவைக் கேட்பேன். பதினெட்டு நாள் என்றால் ரேடியோ நிற்கவே இல்லை, வழியில் ஏதோ சிக்கல். பத்து நிமிஷம் என்றால் கரண்ட் போய் பெட்டரியும் கைவிட்டிருக்கிறது, டவருக்கு நான் அல்ல, பெட்டரிதான் போகவேண்டும். லினக்ஸ் சேவர்களில் மட்டும் கவனம் தேவை. அங்கே இந்த எண் சொல்வது ஏஜென்ட் மென்பொருள் தொடங்கிய நேரத்தை. மெஷின் தொடங்கிய நேரத்துக்கு 1.3.6.1.2.1.25.1.1.0 என்று கேட்கவேண்டும். இதை நான் ஒரு இரவு முழுக்க விழித்திருந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பெரிய பலன் தந்தது பின்னிணைப்பில் இருக்கும் ஆக்டெட் கணக்கு. ஆக்டெட் என்பது எட்டுப் பிட் கொண்ட ஒரு பைட். சில பக்கங்கள்தான். வயர் செருகும் ஒரு போர்ட் வழியாக எத்தனை பைட் போனது என்று கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டு நேரத்தில் கேட்டு, வித்தியாசத்தை எட்டால் பெருக்கி, நொடிகளால் வகுத்தால் வேகம் வரும். அதைப் போர்ட்டின் முழு வேகத்தோடு ஒப்பிட்டால் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஒரு ஃபெக்டரியில் காலை பத்து மணிக்குக் கொழுந்து நிறுவை ஏற்றும்போதெல்லாம் லைன் திணறியது. லைன் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் என் வரைபடமோ 18 வீதம் என்றே காட்டியது. வாரக்கணக்கில் அந்த ஃபெக்டரியின் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயாவிடம், "லைனில் பிழையில்லை ஐயா, உங்கள் கணினியைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். பிறகு இந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு கையால் போட்டுப் பார்த்தேன். 300 நொடியில் 67.5 கோடி பைட், அதாவது நொடிக்கு 18 மெகாபிட். 18 வீதம் சரிதான், போர்ட் தன் வேகம் 100 மெகாபிட் என்று சொல்கிறதே! ஆனால் அது ரேடியோவில் செருகிய வயரின் வேகம். மலைக்கு மலை காற்றில் போவது 20 மெகாபிட்தான். அப்படியானால் லைன் 90 வீதம் நிரம்பியிருந்தது. டீமேக்கர் ஐயா சொன்னதே உண்மை. போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு ரேடியோவுக்கும் காற்று வழியாகப் போகும் லைனின் வேகத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: பைட்டுகளை எண்ணிவைக்கும் பழைய 32 பிட் எண்ணி 429 கோடியைத் தாண்டினால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடியும். ஒரு கிகாபிட் என்றால் 34 நொடி போதும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்பவருக்கு எத்தனை சுற்று ஓடியது என்றே தெரியாது. கிகாபிட் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் 64 பிட் எண்ணியைத்தான் கேட்கவேண்டும். அதற்கு எஸ்.என்.எம்.பி. இரண்டாம் வடிவமாவது வேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஓப்பன்வியூ என்ற பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருளுக்கு ஏராளமான பக்கங்கள் போயிருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு அவை பயன்படாது, தாண்டிவிடுங்கள். எடுத்துக்காட்டு நிரல்கள் பல பேர்ல் மொழியில் இருக்கின்றன. இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தன்தான் தெரியும். கருவிகளின் அமைப்பைத் தூரத்திலிருந்தே மாற்றும் நெட்கொன்ஃப் என்ற முறை 2006இல் முதல் தடவை தரமாக்கப்பட்டது, அதனால் அதை இதில் தேடவேண்டாம். பாதுகாப்பு விஷயத்தில்தான் மிகக் கவனமாக இருக்கவேண்டும். முதல் இரண்டு வடிவங்களில் கடவுச்சொல் போல இருக்கும் கம்யூனிட்டிப் பெயர் திறந்த எழுத்தாகவே லைனில் போகிறது. என் ரேடியோக்களில் இரண்டு, 'பப்ளிக்' என்று கேட்ட எவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றே மாற்றினேன். மூன்றாம் வடிவம் பூட்டுப் போடுகிறது, அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் புத்தகம் வந்த காலத்தில் எம்.டி.5, டெஸ் என்ற பழைய பூட்டு முறைகள் வழக்கத்தில் இருந்தன. இன்று அவற்றை விட்டு ஷா-2, ஏ.இ.எஸ். என்ற வலுவான முறைகள் இரண்டையும் கருவி ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் சிறியவை. ஆனாலும் படித்துக்கொண்டே போனால் மனதில் நிற்காது. பக்கத்தில் ஒரு பழைய சுவிட்சும், இப்படிக் கேள்வி கேட்க உதவும் நெட்-எஸ்.என்.எம்.பி. மென்பொருள் போட்ட கணினியும் இருக்கவேண்டும். கருவியில் உள்ள எண்களை வரிசையாகக் கேட்டுவரும் வோக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, வரும் ஒவ்வொரு வரியும் எந்தக் காம்பராவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் வயரைப் பிடுங்கிப் பாருங்கள், எந்த எண் மாறுகிறது என்று தெரியும். எனக்கு அப்படி ஒரு மாதம் எடுத்தது.

என் பிரதி இப்போது டிக்கோயாவிலிருந்து பயிற்சிக்கு வரும் தம்பியிடம் இருக்கிறது. தாண்ட வேண்டிய பக்கங்களைப் பென்சிலால் அடைத்து, ஆக்டெட் பக்கங்களில் மட்டும் சிவப்புத் தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை இடி முழங்கியபோது போனை அவன்தான் எடுத்தான். ரேடியோ எத்தனை நாளாக ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பையைத் தேடினான்.