வழவழப்பா, சுத்தியல் தடமா: இரண்டு வெள்ளிக் குவளைகள்

என்னிடம் இரண்டு வெள்ளிக் குவளைகள் இருக்கின்றன. இரண்டுமே தகட்டைச் சுத்தியலால் அடித்து எழுப்பிய கைவேலை. ஒன்றில் முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. இன்னொன்றில் மரப்பட்டை போல உடம்பெல்லாம் வரிவரியாகத் தடம். வழவழப்பானதை முதலில் வாங்கினேன். ஆறு வருடம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தடம் போட்டதை வாங்கினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

வெள்ளியின் தரத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டும் 925, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு இரண்டும் ஒரே மாதிரிதான் கறுக்கும். தடம் போட்டால் கறுக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மரப்பட்டைத் தடத்தைப் பிரபலமாக்கியவர் பிரிட்டன் வெள்ளிக் கலைஞர் ஜெரால்ட் பென்னி (1930–2008). முகப்பு சேதமான ஒரு சுத்தியலால் தெரியாமல் அடித்தபோது விழுந்த தடம் அவருக்குப் பிடித்துப்போய், அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். 1960களில் வைனர்ஸ் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ‘ஸ்டூடியோ’ வரிசைக் கரண்டி, முள்கரண்டிகளின் கைப்பிடியிலும் அதே தடம்தான். அது எவர்சில்வர், அதனால் சாதாரண வீட்டு மேசைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. என் குவளை அவர் செய்ததல்ல, அந்த வழியில் வந்த வேறொருவரின் கைவேலை.

வழவழப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குவளையை எழுப்பி முடித்த பிறகு, தான் அடித்த ஒவ்வொரு அடியின் சுவட்டையும் மட்டமாகத் தட்டி, தேய்த்து, மெருகேற்றி அழிக்க வேண்டும். தடம் போட்டதில் கடைசி அடிதான் மேற்பரப்பு. ஒரு அடி தப்பினால் தேய்த்து மறைக்க முடியாது. எது கஷ்டம் என்று தீர்ப்புச் சொல்ல நான் பட்டறை ஆள் இல்லை.

சரி, பராமரிப்புக்கு வருவோம். என் முடிவை மாற்றியது அதுதான். வழவழப்புக் குவளையைக் கையில் எடுத்து வைத்தாலே விரல் ரேகை பதியும். துடைக்கிற துணியே மெல்லிய கீறல் போடும். கறுப்புத் திட்டு ஒன்று வந்தால் அறையின் மறு கோடியிலிருந்து தெரியும், உடனே பாலிஷைத் தேடுவோம். பாலிஷ் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் இம்மி வெள்ளியையும் கூடவே கொண்டுபோகும். தடம் போட்டதில் ரேகையும் கீறலும் வரிகளுக்குள் காணாமல் போய்விடும். மேடுகள் கை பட்டே பளிச்சென்று இருக்கும், பள்ளத்தில் தங்கும் கறுப்பு வரிகளை இன்னும் எடுத்துக்காட்டும். மாதாமாதம் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இதை மென்மையான சோப்பு நீரில் கழுவி உடனே துடைத்து வைப்பதோடு சரி.

தொல்லையே இல்லை என்று சொல்லவில்லை. பசை பாலிஷ் போட்டால் பள்ளங்களில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், மெல்லிய பிரஷ்ஷால் நோண்டி எடுக்க வேண்டும். அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் முறையையும் ஒருமுறை செய்து பார்த்தேன். கறுப்பு போனது உண்மை. கூடவே பள்ளத்து நிழலும் போய், குவளை சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிவிட்டது. பழைய முகம் திரும்பச் சில மாதங்கள் ஆயின. அப்புறம் ஒடுக்கு. சின்ன ஒடுக்கு தடத்துக்குள் மறைந்துவிடும். பெரிதாக விழுந்தால் அந்த இடத்தில் தடத்தையே மறுபடி போட வேண்டியிருக்கும், அது எல்லார் கையிலும் வராது. வழவழப்பானதில் தட்டி நிமிர்த்தி மெருகேற்றினால் போதும். அலமாரியில் பார்வைக்கு மட்டும் வைப்பதாக இருந்தால் நானும் வழவழப்பானதைத்தான் சொல்வேன்.

மறுவிற்பனை பற்றி அனுபவத்தில் பேச எனக்குத் தகுதி இல்லை, இரண்டையும் விற்றதில்லை. ஒன்று மட்டும் தெரியும்: உருக்கும் விலைக்கு மேல் கைவேலைக்கு விலை கிடைக்க, செய்தவரின் முத்திரையும் தர முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். என் வழவழப்புக் குவளையில் செய்தவரின் முத்திரை ஓரத்தில் மழுங்கத் தொடங்கிவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்த்தது நான்தான்.