மெனுவில் "நண்டு 1,150" என்று கண்டால் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆற்றங்கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பேருக்கு இருக்கிற வழுக்கியாறும் மாரிக்கு மட்டும் ஓடும். வெளியில் இருந்து வந்த சொந்தக்காரரைத் தண்ணீர்க் கரையில் இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றால் எங்களுக்குக் கடல்நீரேரிதான். பொழுதுபடும் நேரம் தீவுப் பக்கம் வானம் சிவந்து வரும்போது அந்தக் கரையில் இருந்து சாப்பிடுவதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்றுதான் நானும் போனேன். காட்சிக்குக் கொடுத்த காசைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. நண்டுக்குக் கொடுத்த காசைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கனடாவில் இருந்து அக்கா, அத்தான், மருமகன் மூவரும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். 25 நாளும் வீட்டில் சைவம். தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்ததும் அத்தானுக்கு நண்டு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கிழமை ஊரில் பாதிச் சனத்துக்கு அதே ஞாபகம்தான், கடைக்காரருக்கும் அது தெரியும். வான்காரத் தம்பி "நல்ல கடை ஒண்டு இருக்கு, கூட்டிக்கொண்டு போறன்" என்றார். நாங்கள் ஏழு பேரும் போய் இறங்கினோம். அவருக்குப் பின்பக்கம் தனியாகச் சாப்பாடு போனதை நான் பிறகுதான் கவனித்தேன்.

மெனுவில் நண்டுக் கறி 1,150 ரூபா. மலிவாக இருக்கிறதே என்று மனதுக்குள் ஒரு சொடக்குப் போட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். பரிமாறுகிற பெடியன் நீல வாளியில் மூன்று சேற்று நண்டு கொண்டுவந்து காட்டினான். கால்களைத் தடித்த ஈரக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது, உயிரோடு நுரை தள்ளிக்கொண்டிருந்தன. மருமகன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். பெடியன் "இது காணுமா அண்ணை?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குரல் வந்தது: "ரெண்டு கிலோ நானூறு!"

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். தராசை எங்களுக்கு முன்னால் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், கயிற்றை அவிழ்த்துவிட்டு நிறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நண்டைச் சுற்றிய நனைந்த கயிற்றுக்கும் நிறை உண்டு. ஒரு தட்டின் விலைதான் 1,150 என்றால் நிறுப்பது எதற்கு என்றாவது யோசித்திருக்கலாம். கேட்கவில்லை. பத்து வருசத்துக்குப் பிறகு வந்த அத்தானுக்கு முன்னால் வாயைத் திறந்து விலை கேட்க வெட்கம், அவ்வளவுதான். கொடிகாமம் சந்தையில் ஒரு மாம்பழத்துக்குக் கால் மணித்தியாலம் பேரம் பேசுகிற ஆள் நான்.

கறி வந்தது. முருங்கையிலை போட்டுத் தூள் தூக்கலாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பெரிய காலுக்குச் சண்டை பிடித்தபோதுதான் எண்ணினேன். மூன்று நண்டு என்றால் பெரிய கால் ஆறு இருக்க வேண்டும். சட்டியில் நாலுதான். வீடியோவில் ஆறும் இருக்கிறது, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உடைத்தால் சதை நாராகப் பிரியவில்லை, பிசைந்த மா மாதிரிக் கரைந்தது. உயிர் நண்டைச் சமைத்தால் சதை இறுகி முழுசாகக் கழன்று வரும். செத்துக் கனநேரம் கிடந்த நண்டுதான் இப்படிக் கரையும். அம்மா நண்டின் வயிற்றை விரலால் அமத்திப் பார்த்து வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைத் தெரிந்துகொள்ளப் படிப்புத் தேவையில்லை. வாளியில் வந்தது ஒன்று, சட்டியில் வந்தது வேறு.

அப்புறம் பில். நண்டு மட்டும் 27,600 ரூபா. 1,150 என்பது நூறு கிராமுக்கு. மெனுவைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், விலைக்கு அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் அது இருக்கிறது. இறால், கணவாய், புட்டு எல்லாம் சொன்ன விலைதான், அதில் பிழை இல்லை. நாங்கள் கேட்காமல் மேசைக்கு வந்த சலாட்டும் சம்பலும் 850. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் மூன்று 900. போத்தலின் லேபிளில் 100 ரூபா என்று அச்சடித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து ஒரு லீற்றர் போத்தலுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலையும் அதுதான். எல்லாம் கூட்டி 36,450. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கும் மேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். மொத்தம் 47,312.

வற் 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம் என்பது சரி. ஆனால் அதற்குப் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம், பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். இந்தப் பில்லில் ஒரு இலக்கமும் இல்லை. காசு மேசைக்குப் போய்க் கேட்டேன். இருந்தவர் சிரித்தபடி, "அண்ணை, மெசின் புதுசு, அது தானாப் போடுது" என்றார். தானாகப் போடுகிற மெசின் தானாக ஒருநாளும் குறைத்துப் போடுவதில்லை. பில்லை என் கையில் இருந்து மெதுவாக வாங்கிக் கிழித்துப்போட்டு, வற்றையும் தண்ணீருக்குக் கூடப் போட்டதையும் கழித்து, ஒரு வெள்ளைத் துண்டில் பேனையால் 39,400 என்று எழுதித் தந்தார். கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை. கார்ட் மெசின் அன்றைக்கு வேலை செய்யவில்லையாம், காசுதானாம்.

நண்டைப் பற்றித் தொடங்கினேன். அத்தான் தோளில் கை வைத்தார். "விடும் மச்சான், டொலரிலை பாத்தா பெரிய காசில்லை." அந்தக் கடை நம்பியிருப்பது இந்த ஒரு வசனத்தைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் 1977க்கு எடுத்தேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். கிழித்துவிட்டார்கள் என்றேன். தண்ணீர்ப் போத்தலுக்கு உச்ச விலை இருக்கிறது, நண்டுக்கு இல்லை. நூறு கிராமுக்கு என்று சின்னதாகவாவது போட்டிருக்கிறார்களே. ஆகவே போத்தல் கதையை மட்டும் இடத்தோடு சொல்லி வைத்தேன். பில்லைக் கையில் வாங்கியவுடன், பேச்சுக்கு முதல், போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது நுரை தள்ளுகிற மூன்று நண்டின் வீடியோ மட்டும்.

பெயரைச் சொல்லு என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பில் இல்லாமல் எழுதி மாட்டுப்பட எனக்கு விருப்பமில்லை. இதே மெனு அந்தக் கரையில் ஒரு கடையில் மட்டும்தான் இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

போகிற அன்று விமான நிலையத்துக்கு வெளிக்கிடும்போது அத்தான் சூட்கேசைத் தூக்கியபடி, "என்ன இருந்தாலும் நண்டு நல்லா இருந்தது" என்றார். நல்லா இருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தா, நான் அக்காவைப் பார்த்தேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.